மத்தேயு இல்லை, மத்தியா

14 பிப்ரவரி 1999, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஃபாதர் எங்களைப் பீடத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார். பெரிய வியாழனன்று பாதம் கழுவப்பட இருக்கிற பன்னிரண்டு பேர். கல்யாணமான ஆண்களைத்தான் இதற்குச் சேர்ப்பது எங்கள் பங்கில் வழக்கம். எனக்கு அந்தத் தகுதி போன செப்டம்பரில்தான், நாற்பத்திரண்டு வயதில், வந்து சேர்ந்தது. ஆகவே வரிசையில் கடைசி ஆள் நான்.

போன வருடம் வரை போய் உட்கார்ந்தால் போதும், கழுவித் துடைத்து அனுப்பிவிடுவார்கள். இவர் புது ஃபாதர், சின்ன வயது. ஆளுக்கொரு திருத்தூதரைச் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும், அவருடைய வாழ்க்கையையும் முன்மாதிரியையும் பற்றித் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் மைக்கில் பேச வேண்டும் என்றார். “காலக் கழுவிக்கிட இத்தன பரீட்சையா?” என்று செல்லத்துரை அண்ணாச்சி என் காதில் முணுமுணுத்தார். பலசரக்குக் கடைக்காரர். அவருக்கு யாக்கோபு விழுந்தது. யாகப்பன் என்று பெயரை வைத்துக்கொண்டு நான் இங்கே நிற்கிறேன், என் ஆள் அண்ணாச்சி கடைக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த சீட்டில் ‘மத்தியா’ என்று இருந்தது. மத்தேயுவை ஃபாதர் அவசரத்தில் அப்படி எழுதிவிட்டார் போல. அத்தனை பேர் முன்னால் பிழை சொல்ல வேண்டாம் என்று பெரிய மனசு பண்ணி, மனதுக்குள்ளேயே திருத்திக்கொண்டு சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். மத்தேயு என்றால் கவலை இல்லை. சுவிசேஷமே எழுதியவர். பேசக் கொட்டிக் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தியதும் என் மனைவி சலேத்தின் மகள் பிரியா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் நீட்டி, “குடிங்க” என்றாள். குடித்து முடிக்கும்வரை நின்று, செம்பை வாங்கிக்கொண்டு போனாள். முகாம் வந்த கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

19 பிப்ரவரி, வெள்ளி

முதல் வெள்ளி. பேதுருவைப் பேசியவர், பேதுரு இயேசுவை மூன்று முறை மறுதலித்த இடத்தில் அழுதேவிட்டார். பெண்கள் பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம். நான் என்ன செய்து அழ வைப்பது? மத்தேயு வரி வசூலித்தவர். வரியை நினைத்து வேண்டுமானால் அண்ணாச்சி அழலாம்.

வெளியே வரும்போது அண்ணாச்சி தோளில் கை போட்டார். “ஒங்க வீட்டுப் புள்ளைக்கு என்ன மரியாத! நேத்து கடைக்கு வந்துச்சு. ‘அவிய பிளேடு வாங்கியாரச் சொன்னாவ’ன்னு கேக்கு. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, ‘எப்பா ரூவா குடு’ன்னு சட்டையப் புடிக்கும்.”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே வீடு வந்து சலேத்திடம் சொன்னேன். அவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: “அவ அப்பாவ ‘எப்பா வா, எப்பா போ, நீ எப்ப வருவ’ன்னுதான் பேசுவா. என்னையும் நீதான. மரியாத பூரா வெளியாளுகளுக்குத்தான்.”

சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. எனக்கு ரெண்டு அப்பளம் கூடுதலாக வைத்தாள்.

ஆறு மாதமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். பிரியா ஏழாம் வகுப்பு படிக்கிறாள், பன்னிரண்டு வயது. அவளைப் பெற்றவர் இன்னாசி. லாரியில் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போன இடத்தில் விபத்தில் இறந்து நாலு வருடம் ஆகிறது. அவருடைய காக்கிச் சட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது. என் சட்டையை ஜன்னல் கம்பியில் போட்டுக்கொள்கிறேன். இந்த வீட்டில் நான் ‘அவிய’. நேரில் ‘நீங்க’. ஒரு முறைகூட, ஒரு பேச்சுக்குக்கூட, எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

28 பிப்ரவரி, ஞாயிறு

சலேத்தின் அண்ணன் தனிஸ்லாஸ் வந்திருந்தார். புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். பிரியாவுக்கு இரண்டு பாவாடை சட்டை. எனக்கு ஒரு சட்டை. அதன் கழுத்தில் இன்னொரு யாகப்பனும் தலையை நுழைக்கலாம்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது மச்சான் ஆரம்பித்தார். “ஜூன்ல இவளத் தூத்துக்குடியில சிஸ்டர்மாரு ஹாஸ்டல்ல சேத்துருவமா? நல்லா படிக்க புள்ள. இங்கன கெடந்து என்னத்துக்கு? என்ன தாயி, போறியா?”

“போறேன் மாமா.”

மூச்சு விடும் நேரம்கூட யோசிக்கவில்லை. சலேத் என்னைப் பார்த்தாள். “நல்ல யோசனைதான் மச்சான்” என்றேன். எனக்குப் பிடிக்காத எல்லாவற்றுக்கும் இதைத்தான் சொல்வேன். ரயில்வேயில் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது.

படிக்கத்தான் போகிறாள். அப்படித்தான் இருக்கும். அப்படி இல்லை என்றால்? நான் வந்ததால் ஒரு பிள்ளை தன் வீட்டை விட்டுப் போகிறது என்றால்? இதை யாரிடம் போய்க் கேட்பது? அவளிடம் கேட்டால் ‘இல்லீங்க’ என்பாள். மரியாதையான பிள்ளை.

ஈஸ்டருக்கு வந்து முடிவு பண்ணிக்கொள்ளலாம் என்று மச்சான் போயிருக்கிறார்.

7 மார்ச், ஞாயிறு

மத்தேயுவைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதி முடித்தேன். எல்லாம் மணியாச்சி ஸ்டேஷனில், வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதியது. பாயிண்ட்ஸ்மேன் வேலையில் இப்படி ஒரு இலக்கியவாதி வளர்வதைப் பார்க்கப் பொறுக்காமல் ஸ்டேஷன் மாஸ்டர் ரெண்டு தரம் சத்தம் போட்டார்.

12 மார்ச், வெள்ளி

மானம் போயிற்று. நல்லவேளை, எனக்கு மட்டும் தெரிந்த மானம்.

இன்று பேசியவர் ரிட்டயர்டு வாத்தியார் சவரிமுத்து சார். எழுந்து போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “எனக்குக் கிடைத்தவர் மத்தேயு” என்றார். பாவம், வயசாகிவிட்டது, என் ஆளைப் பேசுகிறாரே என்று ஃபாதரைப் பார்த்தேன். ஃபாதர் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். என் பதினோரு பக்கத்தில் இருந்ததை எல்லாம் சார் ஒன்று விடாமல் சொன்னார். நன்றாகவும் சொன்னார்.

திரும்பி வரும்போது பிரியா சைக்கிளுக்குப் பின்னால் நடந்து வந்தாள். அவளாகவே சொன்னாள். “நீங்க மத்தேயு இல்லீங்க. மத்தியா. யூதாஸ் செத்த பொறவு அவரு எடத்துக்கு வந்தாவள்லா, அவிய. ஞானோபதேசத்துல படிச்சோம்.”

“முன்னமே தெரியுமா பாப்பா?”

“நீங்க சத்தமா வாசிச்சுப் பாக்கும்போதே தெரியும்.”

“சொல்லியிருக்கலாமே.”

“பெரியவங்கட்ட எப்படிச் சொல்லுதது?”

இன்னாசியாக இருந்தால் முதல் பக்கத்திலேயே ‘எப்பா, நீ தப்பா எழுதுத’ என்றிருப்பாள். எனக்குக் கிடைத்திருக்கிற மரியாதையின் விலை பதினோரு பக்கம்.

14 மார்ச், ஞாயிறு

மத்தியாவைத் தேடிப் பிடித்தேன். திருத்தூதர் பணிகளில் முதல் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறார். யூதாசின் இடம் காலி. இரண்டு பேரை நிறுத்துகிறார்கள். ஒருவர் பர்சபா என்ற யோசேப்பு, இன்னொருவர் நம் ஆள். செபம் பண்ணிச் சீட்டுப் போடுகிறார்கள். நம் ஆளுக்கு விழுகிறது. பதினொருவரோடு பன்னிரண்டாவதாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். முடிந்தது. அதற்கப்புறம் மனுஷன் வாயைத் திறந்ததாக வேதத்தில் ஒரு வரி கிடையாது. எங்கே போனார், என்ன செய்தார், யாராவது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்களா, ஒன்றும் தெரியாது.

“இவருகிட்ட முன்மாதிரின்னு எதச் சொல்ல ஃபாதர்?” என்று கேட்டேன்.

“அதத்தான் நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும் யாகப்பன்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாமியார்களுக்குப் பசி அதிகம்.

யூதாஸ் பேரில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதால்தான் எங்கள் கோயிலில் பன்னிரண்டாவது நாற்காலியை மத்தியாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் ஊரில் அதற்குப் பெயர் யூதாஸ் நாற்காலி. ஸ்டேஷனில் கேங்மேன் இசக்கிபாண்டிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. “அண்ணாச்சி, முப்பது வெள்ளிக்காசுல நமக்கு ஒரு டீ உண்டா?” என்கிறான்.

ஒன்று மட்டும் புரிகிறது. யூதாசுக்கு அடுத்து வந்தவருக்கு என்ன பெரிய கஷ்டம்? யார் வந்து உட்கார்ந்தாலும் ‘அடடா, எவ்வளவு நல்லவர்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்னாசிக்கு அடுத்து வந்து பார்க்கட்டும். இன்னாசி யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பீடி குடிப்பாராம், அவ்வளவுதான். போகிற ஊரிலிருந்தெல்லாம் மகளுக்கு வளையல் வாங்கி வருவாராம். கைக்குச் சேராத வளையல்களைக்கூட இன்னும் டப்பாவில் வைத்திருக்கிறாள்.

18 மார்ச், வியாழன்

இன்று ஓய்வு. சலேத் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல், “மத்தியாவயாவது சீட்டுப் போட்டு எடுத்தாங்க. என்னய நீங்கல்லாம் எதப் பாத்து எடுத்தீங்க?” என்று கேட்டேன். அழகு, குணம் என்று ஏதாவது சொல்வாள் என்று நப்பாசை.

“ஒங்களையும் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தோம்” என்றாள்.

கேலி என்று நினைத்துச் சிரித்தேன். கேலி இல்லை. இரண்டு வரன் வந்திருக்கிறது. நான் ஒன்று, சாத்தூர் கம்பவுண்டர் ஒன்று. மச்சானால் முடிவு பண்ண முடியவில்லை. ரெண்டு பேரையும் எழுதி, மாதா சுருபத்துக்கு முன்னால் போட்டுத் திருவுளச்சீட்டு எடுத்திருக்கிறார்கள். கம்பவுண்டரை ஜெயித்திருக்கிறேன் என்று எனக்கு ஒரு நிமிடம் உள்ளூரச் சந்தோஷம். இந்த லட்சணத்தில் இருக்கிறேன்.

“யாரு எடுத்தா?”

முறத்தைக் கீழே வைத்தாள். “சின்னப் புள்ள கையால எடுக்கணும்ல்லா. பிரியாதான் எடுத்தா. பொறவு ரெண்டு நாளா சோறு திங்கல. ‘எங்கப்பா எடத்த நானே எடுத்துக் குடுத்துட்டேனேம்மா’ன்னு ஒரே அழுக.”

என்ன மனுசங்க இவங்க! புத்தி வேண்டாமா? பதினோரு வயசுப் பிள்ளை கையிலயா அதைக் கொடுப்பாங்க? அது என்ன செய்யும்? ஒரு துண்டுத் தாளை எடுத்துட்டு, அதுக்காக ஆறு மாசமா எனக்குச் செம்புல தண்ணி கொண்டு வந்துக்கிட்டு — மரியாதைன்னு நான் நெனச்சுக்கிட்டு — நெஞ்சை நிமித்திக்கிட்டு —

நாளைக்கு எழுதுகிறேன்.

19 மார்ச், வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. அவளைக் கண்டால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது. பரிதாபமாக, பயமாக, என்னவோ போல இருக்கிறது. நின்றேன். “ஏதாவது வேணுமா?” என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

26 மார்ச், வெள்ளி

பேசினேன். பேசாமல் இருந்திருக்கலாம்.

மூன்று பக்கம் ஒழுங்காக எழுதித்தான் கொண்டுபோனேன். தாழ்மை, பொறுமை, இறைத்திட்டம் என்று நல்ல நல்ல சொற்கள். மைக்குக்கு முன்னால் நின்றதும் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் பிரியா தெரிந்தாள். ‘அன்பார்ந்த சகோதர சகோதரிகளே’ என்பதைத் தாண்டி நாக்கு நகரவில்லை.

“எனக்கு மத்தியாவப் பத்தி ஒண்ணும் தெரியாது” என்றேன். கூட்டம் சிரித்தது. சிரிப்பு வந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு. “அவரு யூதாஸ் எடத்துக்கு வந்தாரு, தப்பிச்சாரு. ஒரு நல்ல மனுசன் எடத்துக்கு வந்தவன் பாடு வேற” என்றேன். சிரிப்பு நின்றது. அங்கேயே நானும் நின்றிருக்கலாம்.

“சீட்ட யாரு எடுத்தான்னு வேதத்துல போடல. யாரு எடுத்திருந்தாலும் அவிய மேல ஒரு குத்தமும் கெடையாது. சீட்டு எடுத்தா எடம் போயிராது. நல்லவரு எடம் நல்லவருக்குத்தான், எப்பவும். வந்தவன் பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிடுவான். அவனுக்கு அது போதும். எடுத்த புள்ள அதுக்காக அழுவாண்டாம்.”

புள்ள! மத்தியாவுக்குச் சீட்டு எடுத்த கதையில் புள்ள எங்கே வந்தது? பிதா சுதன் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். மூன்று பக்கமும் சட்டைப்பையில் அப்படியே இருந்தது.

பிரியா எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டாள். சலேத் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள். “வீட்டுச் சங்கதிய மைக்குலயா பேசுவாவ? ஊரு முழுக்கச் சொல்லியாச்சு. இனிமே அந்தப் புள்ள இங்கன இருக்குமா?”

மத்தியா ஏன் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அவருடைய முன்மாதிரி அதுதான். ஒரு நாள் முன்னால் தெரிந்திருக்கக் கூடாதா?

28 மார்ச், குருத்து ஞாயிறு

செம்பு வருகிறது. கையில் கொடுப்பதில்லை, தரையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். ‘குடிங்க’வும் நின்றுபோயிற்று. கலெக்டர் உத்தியோகம் பறிபோனதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் ஹாஸ்டலுக்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருப்பதைப் பார்த்தேன். அதுதான் தாங்கவில்லை.

1 ஏப்ரல், பெரிய வியாழன்

இந்தத் தேதியில் பெரிய வியாழன் வந்தது என் தலையெழுத்து.

எங்கள் ஊரில் பாதம் கழுவப் போகிறவர்கள் எல்லாரும் வீட்டிலேயே பாதத்தைக் கழுவிவிட்டுத்தான் போவார்கள். அழுக்குக் காலைச் சாமியாரிடம் நீட்ட முடியுமா? என் குதிகாலில் பித்தவெடிப்பு. வயலை விட்டு ரயில்வேக்கு வந்து இருபது வருடம் ஆகியும் வெடிப்புக்குள் கரிசல் மண் குடியிருக்கிறது. சோப்புப் போட்டேன், போகவில்லை. தேங்காய் நாரைப் போட்டேன். கடைசியில் கல்லை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். மண் போயிற்று. தோலும் போயிற்று. கால் சிவந்து, காற்றுப் பட்டால்கூடக் கூசியது.

பன்னிரண்டாவது நாற்காலி. பதினொரு பேரும் சிலை மாதிரி உட்கார்ந்து கழுவிக்கொண்டார்கள். ஃபாதர் என் முன்னால் முழங்காலிட்டார். தண்ணீர் ஊற்றும்வரை பல்லைக் கடித்துக்கொண்டேன். குதிகாலை விரலால் பிடித்தார் பாருங்கள். என்னை அறியாமல் ஒரு சத்தம் போட்டு, உதைத்துவிட்டேன். தாம்பாளம் பறந்து அண்ணாச்சி மடியில் விழுந்தது. ஃபாதரின் வெள்ளை அங்கி தொப்பலாக நனைந்தது. பின்னாலிருந்து ஏதோ ஒரு பொடியன், “ஏப்ரல் ஃபூல்!” என்று கத்தினான். கோயிலே குலுங்கிச் சிரித்தது. ஃபாதரும்தான். பேதுருகூட இயேசுவிடம் கழுவ வேண்டாம் என்று வாயால்தான் சொன்னார். நான் காலால் சொன்னேன்.

வெளியே சைக்கிள் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். பிரியா எனக்கு முன்னால் அங்கே நின்றாள். முகம் எல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர்.

“ஒனக்கு அறிவிருக்கா? ஒரு நிமிசம் காலச் சும்மா வச்சிக்கிட்டு இருக்க முடியாதா ஒனக்கு? அன்னைக்கு மைக்குல பேசி மானத்த வாங்கின. இன்னைக்குச் சாமியாரயே ஒதச்சிட்ட. எங்க கிளாஸ் புள்ளைய பூரா அங்கனதான் இருக்கு. திங்கக்கெழம நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவேன்? நீ ஏன் இப்படி இருக்க?”

ஓடிவந்த சலேத், “ஏட்டி, பெரியவியளப் பாத்து இப்படியா பேசுவ?” என்று கையை ஓங்கினாள். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். வேட்டியைப் பிழிந்துகொண்டே வந்த அண்ணாச்சி வாயைப் பிளந்து பார்த்தார். “இந்தப் புள்ளயவா நான் மரியாதையான புள்ளன்னு சொன்னேன்!”

தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினேன். சைக்கிளை எடுத்துத் தெரு திரும்பும்போதுதான் உறைத்தது.

நீ.

2 ஏப்ரல், பெரிய வெள்ளி

துக்க நாள். சிரிக்கக் கூடாது. மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

3 ஏப்ரல், சனி

கோபம் ஆறினால் மறுபடி ‘நீங்க’ ஆகிவிடுமோ என்று ஒரு பயம். நேற்றிலிருந்து இரண்டு தரம்தான் பேசினாள். ஒன்று, “தள்ளு.” இன்னொன்று, “குறுக்கே நிக்காத.” இன்னும் ஆறவில்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

4 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு

மச்சான் காலையிலேயே வந்துவிட்டார். கோழிக்குழம்பு. பிரியா பரிமாறினாள். நடுச் சாப்பாட்டில் அவர் ஹாஸ்டல் பேச்சை எடுத்தார். “என்ன தாயி, நாளைக்கே போயி எடம் சொல்லி வச்சிருவமா?”

பிரியா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். மாமாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, “நீ என்ன சொல்லுத?” என்றாள்.

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. மச்சான் கையில் எடுத்த சோறோடு என்னைப் பார்க்கிறார். சலேத் பார்க்கிறாள். பழக்கதோஷத்தில் ‘நல்ல யோசனைதான்’ என்று வந்துவிடுமோ என்று வாயைத் திறக்கவே பயம்.

“கேக்கேம்லா? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“போவாண்டாம்ட்டி” என்றேன்.

அவளை நான் அதுவரை பாப்பா என்பேன், வாம்மா என்பேன். ஏட்டி என்று கூப்பிட்டதே இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

“அப்போ போகல மாமா” என்றாள் பிரியா. அவ்வளவுதான். மச்சான் ஏதோ சொல்ல வந்தார், சலேத் அவர் இலையில் ஒரு கோழிக்காலை வைத்து அடக்கிவிட்டாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழம்பு காரம் என்று சொல்லிக்கொண்டே, போதும் என்று இலையைக் கையால் மறைத்தேன். பிரியா என் கையைத் தட்டிவிட்டு இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள்.

“பேசாம தின்னு” என்றாள்.

தின்றேன்.